குரலில் விரிந்த மைதானம்

பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதுபவருக்கு ஓர் இரவு உண்டு. ஆட்டம் முடிந்த பிறகே அவர் பேனாவைக் கையில் எடுக்கிறார். யார் வென்றார், எந்தப் பந்தில் ஆட்டத்தின் போக்கு மாறிற்று, எவருடைய பிழை எவருக்கு வாழ்வளித்தது என்பனவெல்லாம் அதற்குள் அவருக்குத் தெரிந்துவிடுகின்றன. எழுதிய வரி பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். ஒலிவாங்கியின் முன் அமர்பவருக்கோ அந்த இரவு கிடையாது. பந்து வீச்சாளரின் கையிலிருந்து புறப்பட்டுவிட்டது; அது எங்கே போய் விழும் என்பது அவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது; ஆயினும் அவர் பேசியாக வேண்டும். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுதலும் இயலாது. முதல் தொழிலில் பெயர் பெற்று, இரண்டாவதில் புகுந்து, ஒரு நாட்டின் செவிகளையே ஆண்ட ஒருவரைப் பற்றியும், அவர் வானொலியோடு நடத்திய ஒரு வழக்கைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன். அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை என்பது என் கருத்து.

நேர்முக வருணனை என்றவுடன் நம்மவர் சஞ்சயனைச் சொல்வது வழக்கம். திருதராட்டிரனுக்குக் குருட்சேத்திரப் போரைக் கண்முன் நிறுத்தியவன் அவனே. ஆகவே அவனே முதல் வருணனையாளன் என்பார்கள். பாரதத்தைச் சற்று ஊன்றிப் படித்தால் செய்தி வேறாக இருக்கிறது. பத்து நாள் போர் நடந்து, பீஷ்மர் விழுந்த பிறகே சஞ்சயன் களத்திலிருந்து அரண்மனைக்கு விரைந்து வருகிறான். வந்தவன் முதலில் முடிவைச் சொல்கிறான். அரசன் கலங்கி, 'எப்படி நடந்தது?' என்று கேட்ட பின்னரே தொடக்கத்திலிருந்து கதையை எடுக்கிறான். முடிவை முதலில் சொல்லி விவரத்தைப் பின்னர்த் தருவது செய்தியாளனின் முறை அன்றோ? எனவே சஞ்சயனை வானொலிக்காரன் என்பதைவிடப் பத்திரிகைக்காரன் என்பதே பொருந்தும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

நான் திருவண்ணாமலையில் வளர்ந்தவன். எங்கள் ஊர்க்காரருக்கு வருணனை என்பது விளையாட்டின் வழியாக மட்டும் வந்ததன்று. கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நொடிகளே வெளிப்பட்டு ஆடித் திரும்புவார். அதே கணத்தில் 2668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றப்படும். ஊருக்கு வர இயலாதவர்களுக்கு அந்தக் கணத்தை வானொலியும், பின்னாளில் தொலைக்காட்சியும் நேர்முகமாக அளித்து வந்திருக்கின்றன. வருணனையாளர் ஒரு மணி நேரம் பேசிக் காத்திருப்பதெல்லாம் அந்த ஒரு கணத்திற்காகத்தான். அதற்கு முன்னே பேசிவிட்டால் பொய்யாகிவிடும். பின்னே பேசினால் பழைய செய்தியாகிவிடும். பதினொரு நிலைக் கோபுரத்தையும் கூட்டத்தின் பெருக்கையும் எவரும் சொல்லிவிடலாம். தீபம் எரியும் அந்த நொடியில் எதைச் சொல்வது, எப்போது வாயை மூடிக்கொண்டு மக்களின் 'அரோகரா' முழக்கத்தைக் கேட்கவிடுவது என்பதில்தான் தேர்ச்சி தெரியும். மட்டையும் பந்தும் கொண்ட களத்திலும் தேர்ச்சி இதுவே.

விளையாட்டு வருணனையின் பிறப்பிலேயே ஒரு பத்திரிகைக்காரர் இருக்கிறார். 1921 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஒரு குத்துச்சண்டையை கே.டி.கே.ஏ. நிலையம் ஒலிபரப்பியது. அதைப் பேசியவர் உள்ளூர்ச் செய்தித்தாளில் எழுதிவந்த புளோரன்ட் கிப்சன். ஒலிபரப்புக்கென்று தனி இனத்தார் அப்போது ஏது? ஆட்டம் தெரிந்தவராகவும் சொல் தெரிந்தவராகவும் ஒருவர் வேண்டியிருந்தது. செய்தித்தாள் அலுவலகத்தில் கிடைத்தார். மறு ஆண்டு சிட்னியில் கிரிக்கெட் ஒலியலை ஏறியது. 1927 ஜனவரியில் லண்டன் பி.பி.சி. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடந்த ரக்பி ஆட்டத்தை வருணித்தபோது, மைதானத்தைச் சதுரங்களாகப் பிரித்து எண்ணிட்ட படம் ஒன்றைத் தன் வார இதழில் அச்சிட்டிருந்தது. ஒருவர் ஆட்டத்தைச் சொல்ல, மற்றொருவர் பந்து எந்தச் சதுரத்தில் இருக்கிறது என்று எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்தின் துணையின்றிக் குரலை நம்ப அன்று அவர்களுக்குத் துணிவு வரவில்லை போலும்.

அந்தத் துணிவு பம்பாயில் ஒருவருக்கு வந்தது. ஏ. எஃப். எஸ். தல்யார்கான் 1897இல் பிறந்த பார்சிக்காரர், நண்பர்களுக்கு 'பாபி'. விளையாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர். கிரிக்கெட் மட்டுமன்றிப் பிற ஆட்டங்களிலும் ஈடுபாடுடையவர். 1934ஆம் ஆண்டு பம்பாய் நாற்கோணப் போட்டியில் பார்சிகளும் முஸ்லிம்களும் மோதிய ஆட்டத்தை வருணிக்க அவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரே அப்போது இல்லை; அது 1936 ஜூனில்தான் வந்தது. 1927இல் தொடங்கிய தனியார் கம்பெனி மூன்றே ஆண்டுகளில் நொடித்துப்போய், அரசு அதை எடுத்து நடத்திக்கொண்டிருந்த காலம். வீட்டில் கருவி வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஆதலால் கருவி இருந்த உணவு விடுதியின் வாயிலிலும் கடையின் முன்னும் மக்கள் நின்று கேட்டார்கள்.

இந்தப் போட்டியைப் பற்றி மாணவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இதில் மோதியவை ஊர்களல்ல, மதங்கள். ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று நான்கு அணிகள். 1937இல் எஞ்சியோர்க்கென ஓர் அணி சேர்ந்து ஐங்கோணமாயிற்று. விளையாட்டில் மதப் பிரிவினை தமக்குப் புரியவில்லை என்ற கருத்தை 1940 டிசம்பரில் காந்தியடிகள் வெளிப்படையாகச் சொன்னார். பத்திரிகையாளர் சிலரும் எதிர்த்து எழுதினர். 1945–46ஆம் ஆண்டோடு போட்டி நின்றது. இத்தகைய ஆட்டத்தை வருணிப்பவரின் நாவில் ஒரு சொல் தவறினாலும் தெருவில் அதன் விளைவு தெரியும். பார்சி அணி ஆடுவதைப் பார்சி ஒருவரே வருணிக்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இத்தகைய களத்தில் ஒற்றைக் குரல் பல்லாண்டு நிலைத்து நின்றது என்றால், கேட்டவர்கள் அக்குரலை நம்பினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஒற்றைக் குரல் என்று சொன்னேன், உண்மையாகவே ஒற்றைதான். காலையில் முதற்பந்து தொடங்கி மாலையில் ஆட்டம் நிற்கும் வரை, உணவு இடைவேளையும் தேநீர் இடைவேளையும் நீங்கலாகத் தல்யார்கான் ஒருவரே பேசினார். ஓய்வு கொடுக்க இன்னொரு வருணனையாளர் இல்லை. இடையில் புகுந்து விளக்கும் நிபுணர் இல்லை. கனத்த குரல், வற்றாத சொல்வளம். இப்படி ஐந்தாறு மணி நேரம் பேசுவதை வாய்வீச்சு என்று எண்ணிவிடக் கூடாது. கிரிக்கெட்டில் பந்து உயிரோடு இருக்கும் நேரம் மிகக் குறைவு. வீச்சாளர் திரும்பி நடக்கும் நேரம், களத்தடுப்பு மாறும் நேரம், மட்டையாளர் கையுறையைச் சரிசெய்யும் நேரம் — இவையே மிகுதி. அந்த வெற்றிடத்தை நிரப்புவதில்தான் பழைய பத்திரிகைக்காரர் வெளிப்படுகிறார். முந்தைய ஆண்டில் அதே மைதானத்தில் என்ன நடந்தது, இந்த மட்டையாளர் எந்தப் பந்துக்கு அஞ்சுபவர் என்பன எழுதி எழுதிச் சேர்த்த சரக்கு. அது இல்லாதவர் பேசினால் வானிலையையும் பறவைகளையும் தவிர வேறொன்றும் கிடைக்காது.

பின்னர் நாடு விடுதலை பெற்றது. 1948–49இல் மேற்கிந்தியத் தீவுகளின் அணி முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. வருணனைக்கு ஒருவர் போதாது, மூவர் கொண்ட குழு மாறிமாறிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் முடிவு செய்தனர். தல்யார்கான் ஒலிவாங்கியைப் பங்கிட மறுத்தார், விலகிக்கொண்டார்.

வழக்கு என்று நான் குறித்தது இதுதான். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஐந்து நாள் ஆட்டம் ஒருவருடைய தொண்டையை நம்பியிருக்கலாகாது என்பது நிலையத்தாரின் நியாயம். அரசின் ஒலிவாங்கி ஒரு தனிமனிதரின் உடைமையாகிவிடக் கூடாது என்பதும் பொதுநிறுவனத்துக்கு உரிய கவலையே. கல்கத்தாவின் பெர்ரி சர்பாதிகாரியைப் போன்ற தேர்ந்த எழுத்தாளர்களும் ஒலிபரப்பில் இருந்தார்கள். அவர்களுக்கும் இடம் வேண்டாமா? மறுபுறம், ஒரு கதையை மூவர் பங்குபோட்டுச் சொன்னால் அது யாருடைய கதை? காலையில் ஒருவர் கண்ட ஐயத்தை மாலையில் வந்தவர் அறியமாட்டார். ஒருவரே நாள் முழுவதும் பார்க்கும்போது காலையில் ஊன்றிய விதை மாலையில் காய்ப்பதை அவரால் சொல்ல முடிகிறது. நிலையத்தார் செய்தது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அதனால் இழந்தது சிறிதன்று. தல்யார்கான் ஒரு படி இறங்கி வந்திருக்கலாம். இறங்குபவராக இருந்திருந்தால் நாள் முழுவதும் தனியாகப் பேசும் துணிவு அவருக்கு வந்திருக்குமா என்பதும் கேட்கத் தக்கதே.

அதற்குப் பின் குழு முறையே நிலைத்தது. விஜயநகரம் மகாராஜகுமார் வந்தார்; சென்னையிலிருந்து பாலு அழகண்ணன் வந்தார். பின்னவர் 1955இல் இந்தூரில் ஹோல்கார் அணியை 46 ஓட்டங்களில் வென்று, சென்னைக்கு முதல் ரஞ்சிக் கோப்பையைக் கொணர்ந்த தலைவர். பத்திரிகைக்காரருக்குப் பக்கத்தில் ஆட்டக்காரரும் அமரத் தொடங்கிய காலம் அது. ஆங்கில ஆட்சி போனபின் கிரிக்கெட்டும் தானே போய்விடும் என்று கருதியவர்களும் அன்று இருந்தார்கள். 1952 முதல் பத்தாண்டுகள் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த கேஸ்கர் அவர்களுள் ஒருவர். ஆட்டம் போகவில்லை. இந்தி, வங்காளம், தமிழ் என்று மொழிமாறிக் கிராமங்களுக்குள் நுழைந்துவிட்டது.

மொழி மாறியது எப்படி என்பதை நானே பார்த்திருக்கிறேன். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நாள். தேரடி வீதியில் ஒரு மிதிவண்டிக் கடையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. வருணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறிமாறி வந்தது. கடையில் நின்ற இருபது பேரில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரே. ஓய்வுபெற்ற எழுத்தர், நாள்தோறும் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர். அவர் ஒவ்வொரு பந்தையும் தமிழில் சொன்னார். மொழிபெயர்த்தார் என்று சொல்ல மாட்டேன்; வருணனையாளர் சொன்னதோடு, தாம் முந்தைய நாள் படித்ததையும் கலந்து சொன்னார். காலை முதல் ஒரே முனையிலிருந்து வீசிக்கொண்டிருந்த கிரெக் மாத்யூஸ், அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறார் என்பதை அவர் வாயால்தான் அறிந்தோம். வெற்றிக்கு 348 தேவை. கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஓர் ஓட்டம் ஓடி எண்ணிக்கையைச் சமமாக்கினார். எதிர்முனையில் நின்றவர் மணிந்தர் சிங். ஐந்தாவது பந்தில் நடுவர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. 347, ஒரு பந்து மீதம். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது சமநிலை முடிவு. எங்கள் எழுத்தர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத் தோல்வி என்று எண்ணி ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வென்றதாகச் சொல்லிக்கொண்டு இன்னொருவர் போனார்.

அந்த எழுத்தர் செய்த வேலையைச் சென்னை வானொலி 1980களில் முறையாகவே செய்துவந்தது. கூத்தபிரான், ராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் முதலியோர் தமிழில் வருணனை அளித்தனர். ஜப்பார் சாத்தான்குளத்துக்காரர்; இலங்கை வானொலி நாடகங்களில் பழகிய குரல். தம் ஒலிபரப்பு வாழ்க்கையைக் 'காற்று வெளியினிலே' என்ற நூலாக எழுதிய அவர் 2020 டிசம்பரில் காலமானார். தமிழில் கிரிக்கெட் பேசுவதில் உள்ள இடர் கலைச்சொல்லில் இல்லை. மட்டையாளர், பந்துவீச்சாளர், ஓட்டம், எல்லைக்கோடு என்பவை எளிதில் அமைந்துவிட்டன. விக்கெட், ஓவர் என்பவை அப்படியே தமிழாகிவிட்டன. இடர் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. நம் மொழியில் வினை கடைசியில் வரும். 'வீச்சாளர் எறிந்த பந்தை அவர் முன்காலை நீட்டி எல்லைக்கோட்டுக்கு' என்று தொடங்கி 'அடித்தார்' என்று முடிப்பதற்குள் பந்து எல்லையைக் கடந்து திரும்பியும் வந்துவிடும். எனவே நல்ல தமிழ் வருணனையாளர் வாக்கியத்தை நறுக்கினார். வீசுகிறார். அடித்தார். பந்து விரைகிறது. நான்கு! இப்படி உடைத்துப் பேசினாலும் தமிழ் தமிழாகவே இருந்தது என்பது அவர்களுடைய சாதனை. மேடைத் தமிழின் நீண்ட அடுக்குகளில் மயங்கிக் கிடந்த நமக்குக் குறுவாக்கியத்தின் வலிமையைக் காட்டியவர்களில் இவர்களையும் சேர்க்கலாம். இலக்கிய வரலாறு எழுதுவோர் இவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். இளைஞர் 'பாட்காஸ்ட்' என்றும், தமிழ் ஆர்வலர் 'வலையொலி' என்றும் சொல்லும் முறையை நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்த ஆங்கிலச் சொல்லை 2004 பிப்ரவரியில் லண்டன் 'கார்டியன்' நாளிதழில் முதலில் எழுதியவர் பென் ஹாமர்ஸ்லி; இங்கேயும் ஒரு பத்திரிகைக்காரர்! நிலையம் வேண்டாம், அலைவரிசை வேண்டாம், குழுவுக்கு ஆள் தேடும் அதிகாரி வேண்டாம். ஒலிவாங்கியும் சொல்வதற்குச் சரக்கும் இருந்தால் போதும். விளையாட்டு எழுத்தாளர் பலர் இதற்குள் புகுந்திருக்கின்றனர். 'கிரிக்இன்ஃபோ'வில் எழுதிவந்த சித்தார்த்த வைத்தியநாதன் தம் நண்பர்களோடு நடத்தும் வலையொலிக்கு '81 ஆல் அவுட்' என்று பெயர். 1997 மார்ச்சில் பிரிட்ஜ்டவுனில் 120 ஓட்டங்களை எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 81க்குச் சுருண்டது. அதை மறக்க முடியாதவர்கள் தோல்வியையே பெயராக வைத்துக்கொண்டார்கள். வெற்றி முழக்கத்தை விற்கும் கடைகள் நிறைந்த தெருவில் இப்படி ஒரு பெயர்ப்பலகை எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

இந்த வலையொலியாளர்களைக் கண்டிருந்தால் தல்யார்கான் மகிழ்ந்திருப்பாரா? 1990இல் அவர் மறைந்துவிட்டார். முதுமையிலும் பத்திரிகைப் பத்தியை விடாமல் எழுதிவந்தார். 'ஸ்டீவ்' என்ற கற்பனை நண்பனிடம் 'நான் சொல்வது விளங்குகிறதா?' என்று கேட்டுப் பத்தியை முடிப்பது அவர் வழக்கம். எழுத்தைக்கூடப் பேச்சாகவே நடத்தியவர் அவர். ஆயிரக்கணக்கானோர்க்கு எழுதும்போதும் ஒருவனிடம் பேசினார். வலையொலியின் இயல்பும் அதுவே. அவர் கேட்டுக் கிடைக்காத தனி நாற்காலி இன்று விரும்பியவர்க்கெல்லாம் கிடைக்கிறது. ஆனால் அந்த நாற்காலியின் முன்னே மைதானம் இல்லை. பந்து ஓடிக்கொண்டிருக்கவில்லை. வலையொலியாளர் பேசுவது ஆட்டம் முடிந்த பிறகு. முடிவு அவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். தொடக்கத்தில் சொன்ன இரவு அவருக்கு மீண்டும் கிடைத்துவிட்டது. பிடிக்காத வாக்கியத்தை அவரும் நீக்கிவிடலாம். பீஷ்மர் விழுந்த பின்னர் அரண்மனைக்கு வந்த சஞ்சயனின் இடம் இது. ஆழம் மிகுதி, அபாயம் குறைவு.

கேட்கும் முறையும் மாறிவிட்டது. பௌர்ணமி இரவுகளில் எங்கள் மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் காதில் சிறு கருவியோடு நடக்கும் இளைஞர் பலரைப் பார்க்கிறேன். சிலர் தேவாரம் கேட்கிறார்கள். சிலர் சென்ற வாரத்து ஆட்டத்தைப் பற்றிய பேச்சைக் கேட்கிறார்கள். நடைக்கு ஏற்ற துணைதான். மூன்று மணி நேரம் கழிவது தெரிவதில்லை. என் மாணவன் ஒருவன் ஒருமுறை அடி அண்ணாமலை அருகில் திடீரென்று உரக்கச் சிரித்தான். என்னவென்று கேட்டேன். காதிலிருந்து கருவியை எடுத்து, துடைத்து, என்னிடம் நீட்டினான். 2001இல் கல்கத்தாவில் லட்சுமணன் 281 ஓட்டங்கள் எடுத்ததைப் பற்றி யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டம் நடந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை.